மிதிபடும் காகம்

சலாசி மலையில் நான் ஊசி போடுகிறவள்.
காலை ஐந்தரைக்குக் காரைக் கிளப்பினால்
பதினோரு வீடு, பதினோரு சர்க்கரை.
சூசூக் கொடி சாலைக்கு இறங்கும் மேட்டில்
வைப்பருக்கு ஓய்வே இல்லை.

எந்த வீட்டில் நுழைந்தாலும் என் கண்
முதலில் மூலைக்குத்தான் போகும்.
திஜூ வீட்டு மூலையில்
மடகாஸ்கர் மூத்தோருக்கு ஒரு மடக்கு ரம்.
கிரோந்தேன் அம்மாளிடம் லூர்து மாதா,
பேட்டரி தீர்ந்த ஒளிவட்டத்தோடு.
கடைக்கார யாகூப் சட்டமிட்ட ஆயத்தின் கீழே
மாரிக்கு மஞ்சள் துணியும் புனிதருக்குச் சிவப்பும்
மீட்டர் ஒரே விலைக்குக் கிழிப்பார்.
"சாமிக்குச் சாமி நான் விலை மாற்றுவதில்லை."

ஜில்பேர் வையாபுரியின் குளிர்பெட்டியில்
முனிக்குப் படைத்த சேவல் கறியை நகர்த்தித்தான்
இன்சுலினை எடுக்க வேண்டும்.
தன் பெயரின் பின்பாதி
முருகன் நிற்கும் ஒரு குன்றுக்குப் பழைய பெயர் என்று
அவருக்குத் தெரியாது.
தமிழில் தெரிந்தது 'கோவிந்தா' மட்டும்.
அதுவும் தீக்குழியின் விளிம்பில் கத்துவதற்கு.

பாதத்தில் உணர்ச்சி இல்லை என்று
மூன்று முறை தாளில் எழுதியிருக்கிறேன்.
ஜனவரியில் மலையிறங்கிப் போய்
சேன்-தாந்த்ரேயில் தீ மிதித்து வந்தார்.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒரு கொப்புளம் இல்லை.
அடுத்த ஞாயிறு மாதாகோயிலுக்குப் போட்டுப் போன
புதுச் சப்பாத்து
கட்டைவிரலைக் கடித்துவிட்டது.
இப்போது தினமும் கட்டு.

அந்தக் கட்டை அவிழ்க்கும்போதுதான் சொன்னேன்,
நாளை மறுநாள் அம்மாவுக்குத் திதி.
காரைக்காலில் மதில்மேல் சோறு வைத்தால்
கையை எடுக்குமுன் வந்து நிற்கும்.
உங்கள் மலையில் ஒன்றுகூட இல்லையே?
எது, என்றார்.
சொல் கிடைக்காமல் கரைந்து காட்டினேன்.
விழுந்து விழுந்து சிரித்தார், கால் என் மடியில் குலுங்க.
"இருக்கிறதே ஒன்று. வளைவில்."

வளைவில் சிவப்புக் கூண்டு.
உள்ளே புனித எக்ஸ்பெடி, ரோமச் சிப்பாய்,
அவசரக்காரர்.
கேட்டதை அன்றே கொடுத்தாக வேண்டும்.
கொடுக்காவிட்டால் ராத்திரியில் யாரோ வந்து
தலையைச் சீவிவிட்டுப் போவார்கள்.
இப்போதிருப்பது மூன்றாவது தலை,
உடம்புக்குக் கொஞ்சம் பெரிது.
பாதர் அவரைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.
அவர் சப்பாத்துக்கடியில், ஆமாம்,
ஒரு காகம்.
லத்தீனில் காகம் கரைந்தால் 'நாளை' என்று கேட்குமாம்.
அதற்குத்தான் மிதி.

யாரும் வராத நேரமாகப் பார்த்து
வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, எள்.
குனிந்து அலகருகே வைத்தேன்.
மழை வந்தது. கூடவே பின்னால் ஒரு குடை.
கிரோந்தேன் அம்மாள், கையில் அந்தூரியம்.

"அவருக்கா?"
"இல்லை. அதற்கு."

சுண்ணாம்பு உரிந்த அந்த அலகை
முதல்முறை பார்ப்பவள்போல் பார்த்தாள்.
"நாற்பது வருஷமாக வருகிறேன்.
இதற்கு யாரும் எதுவும் வைத்ததில்லை.
என்ன தப்புச் செய்தது?"

நாளை என்று சொன்னது, என்றேன்.

நானும் சொன்னேன்.
நாளைக்கு டிக்கெட் போடுகிறேன் அம்மா,
நாளைக்குக் கட்டாயம்.
நான்கு முறை, தொலைபேசியில்,
பின்னணியில் அந்த வீட்டுக் காகங்கள் கேட்க.
இதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் கேட்கவுமில்லை.
குடையைத் தாழ்த்திச் சோற்றுக்குப் பிடித்தாள்.
நாங்கள் இரண்டு பேரும் நனைந்தோம்.
பருக்கை ஒன்று சிவப்புச் சாயத்தில் ஒட்டிக்கொண்டு
போக மாட்டேன் என்றது.

ஏழாவது வீட்டு ஊசிக்கு நேரமாகிவிட்டது.
காரில் ஏறும்போது கத்திக் கேட்டாள்,
"எனக்கு ரத்த அழுத்தம் பார்க்க எப்போது வருவாய்?"

கண்ணாடியை இறக்கி, சைகையால் அவளைக்
கிட்டக் கூப்பிட்டு,
புனிதர் காதில் விழாதபடி
சொன்னேன்.